ஆற்றுப் படகோட்டப் போட்டி: 40 படகுகள், 4 கி.மீ. பாதுகாப்புத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கரைப்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஆற்றுப் போட்டி ஒன்றுக்குத் திட்டம் போடுகிறோம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். தூரம் 4 கி.மீ., நீரோட்டத்தின் திசையிலேயே. பதிவானவை: 8 எட்டுத் துடுப்புப் படகுகள், காக்ஸ் (சுக்கான் பிடித்துக் கட்டளை தருபவர்) உள்ள 20 நால்வர் படகுகள், 12 இருவர் படகுகள். நால்வர் படகுகளில் பெரும்பாலோர் புதியவர்கள்.

படகுத்துறை முடிவுக் கோட்டுக்குச் சற்று மேலே, வலது கரையில் இருக்கிறது. எல்லோரும் 4 கி.மீ. எதிரோட்டத்தில் ஏறித்தான் தொடக்கத்துக்குப் போக வேண்டும். 1.6 கி.மீ.யில் ஒரு வளைவு, அதன் இடது கரையில் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம். 2.5 கி.மீ.யில் மூன்று கண் பாலம். முடிவுக் கோட்டுக்கு 900 மீட்டர் கீழே தடுப்பணை.

கையில் இருப்பவை 3 மோட்டார் மீட்புப் படகுகள். இதில் எதை முதலில் முடிவு செய்வது? படகுகளின் வரிசையையா, மீட்புப் படகுகளை நிறுத்தும் இடத்தையா?

---

நீரளவு

இரண்டுமே அப்புறம். முதலில் ஆட்களை எண்ணுங்கள். எட்டுப் படகுக்கு காக்ஸோடு 9 பேர், ஆக 72. நால்வர் படகுக்கு 5 பேர், 100. இருவர் படகுகளில் 24. மொத்தம் 196 பேர். சின்ன மோட்டார் படகு ஒன்றில் ஓட்டுபவரும் உதவியாளரும் போக, நனைந்தவர்கள் மூன்று பேரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் படகின் விளிம்பு தண்ணீரைத் தொடும். மூன்று படகும் சேர்ந்து ஒரே தடவையில் 9 பேரைத் தூக்கும். அதாவது எட்டுப் படகு ஒன்று மூழ்கினாலே உங்கள் மீட்புப் படகுகள் மூன்றும் அங்கே போய்விடும். மற்ற எல்லோருக்கும் அந்த நேரத்தில் காவல் இல்லை.

ஆகவே போட்டியை இரண்டு பிரிவாக ஓட்டுங்கள். முதல் பிரிவில் எட்டுகளும் இருவர் படகுகளும், 96 பேர். இரண்டாவதில் நால்வர் படகுகள் மட்டும், 100 பேர். முதல் பிரிவு முழுவதும் கரையேறிக் கணக்கு சரியான பிறகே இரண்டாவதை இறக்க வேண்டும். அப்படியும் மூன்று மீட்புப் படகு போதாது, குறைந்தது ஐந்து தேடுங்கள்.

அடுத்தது நீரோட்டத்தின் வேகம். கரையில் 100 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, ஆற்றின் நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விடுங்கள். பாதிக்கு மேல் மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. 100 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 1 மீட்டர். மூன்று முறை விட்டு அதிக வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவிலும் பாலத்தடியிலும் தனியாக அளந்து பாருங்கள். பாலத்தின் கண்களுக்குள் தண்ணீர் நெருக்குப்பட்டு வேகமெடுக்கும்.

புதியவர்களின் நால்வர் படகு சாதாரணமாக ஓட்டினால் விநாடிக்கு 2.5 மீட்டர் போகும் என்று வைப்போம். எதிரோட்டம் 1 மீட்டர் என்றால் மிஞ்சுவது 1.5. தொடக்கம் போய்ச் சேரவே 44 நிமிடம். நீரோட்டம் 1.5 ஆனால் 67 நிமிடம், அதற்குள் கை ஓய்ந்துவிடும். எந்த வேகத்தில் நால்வர் படகுகளை நிறுத்துவது, எந்த வேகத்தில் போட்டியையே நிறுத்துவது என்ற இரண்டு எண்களையும் இன்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அன்று காலை கரையில் 200 பேர் உடை மாற்றி நிற்கும்போது யாருக்கும் அந்த எண் வாயில் வராது.

---

சுக்கான்பிடி

வரிசையைப் பொறுத்தவரை, வேகமான படகு முதலில். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே போதும். 1 மீட்டர் நீரோட்டத்தில் நல்ல எட்டு விநாடிக்கு 6 மீட்டர் போகும், புதியவர்களின் நால்வர் 4.5. 4 கி.மீ.க்கு எட்டு 667 விநாடி, நால்வர் 889. வித்தியாசம் 222 விநாடி. 15 விநாடி இடைவெளியில் அனுப்பினால், ஓர் எட்டு தனக்கு முன்னால் போகும் பதினான்கு நால்வரையும் வழியில் எட்டிப்பிடித்துவிடும். அந்த எட்டிப்பிடித்தல் பாலத்தடியில் நடந்தால் மூன்று படகு ஒரு கண்ணுக்குள் நுழையப் பார்க்கும்.

எட்டு ஏறக்குறைய 17, 18 மீட்டர் நீளம். காக்ஸ் தவிர எல்லோரும் பின்னோக்கி அமர்ந்திருக்கிறார்கள். காக்ஸே இல்லாத இருவர் படகில் முன்பக்கம் யாருக்கும் கண் இல்லை. பௌவில் (படகின் மூக்குப் பக்க இருக்கையில்) இருப்பவர் ஐந்து துடுப்புக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும், இரண்டு தோளின் பக்கமும் மாறி மாறி. ஒரே பக்கம் பார்ப்பவருக்கு மறுபக்கத்துத் தூண் தெரியவே தெரியாது.

இப்போது யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: தொடக்கத்தில் படகு திரும்பும் இடம். ஏறி வந்த எட்டு நீரோட்டத்தில் முகம் திரும்ப ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் எடுக்கும். அவ்வளவு நேரமும் படகு ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தபடி கீழே நழுவும். 1 மீட்டர் ஓட்டத்தில் 90 முதல் 120 மீட்டர். ஆகவே திரும்பும் இடத்துக்குக் கீழே 250 மீட்டருக்குள் பாலமோ, கட்டிய படகோ, மரமோ இருக்கக் கூடாது. நீரோட்டத்தில் குறுக்காகக் கிடக்கும் படகு தூணில் மோதினால் தண்ணீர் அதைத் தூணோடு அழுத்திப் பிடித்துவிடும். ஆட்களால் தள்ளி விடுவிக்க முடியாது. அப்படி மோதப் போகிறோம் என்று தெரிந்தால் எல்லோரும் தூணின் பக்கம் சாய வேண்டும். பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். அப்போது வரும் தண்ணீர் படகின் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும்.

காத்திருக்கும் படகுகள் எண் வரிசையில், கரையோரமாக, மூக்கு எதிரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கட்டும். அழைத்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பட்டும். இரண்டு எட்டு ஒரே நேரத்தில் திரும்பக் கூடாது.

---

எறிகயிறு

மீட்புப் படகை ஆபத்தான இடத்துக்கு நேராக நிறுத்துவது எல்லோரும் செய்வது. அது தவறான இடம். பாலத்தூணில் மோதிக் கவிழ்ந்தவர்கள் மூன்று நிமிடத்தில் 180 மீட்டர் கீழே போயிருப்பார்கள். படகு கீழே காத்திருந்தால் அவர்கள் அதை நோக்கி வருவார்கள். மேலே நின்றால் துரத்திக்கொண்டு போக வேண்டும், அதுவும் பின்னால் வரும் போட்டிப் படகுகளின் நடுவே. ஆக வளைவின் மரத்துக்கு 100 மீட்டர் கீழே ஒன்று, பாலத்துக்கு 150 மீட்டர் கீழே ஒன்று, தடுப்பணைக்கு மேலே ஒன்று. நான்காவது தொடக்கத்தில் நின்று கடைசிப் படகின் பின்னாலேயே வரட்டும். ஐந்தாவது கிடைத்தால் நடுவில் காலியாக நிற்கட்டும்; யார் தன் இடத்தை விட்டுப் போனாலும் அந்த இடத்தை அது நிரப்பும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் கட்டாயம். தனி ஆளால் ஓட்டிக்கொண்டே ஒருவரைத் தூக்க முடியாது. எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் தொடையிலோ முழங்காலிலோ மாட்டியிருக்க வேண்டும். படகில் 15 முதல் 20 மீட்டர் எறிகயிறு இரண்டு, கத்தி, நங்கூரம், கைத்துடுப்பு, வெப்பப் போர்வை பத்து, முதலுதவிப் பெட்டி, விசில், வாக்கி டாக்கி. ஏறுவதற்குக் கயிற்று ஏணி. அது இல்லாவிட்டால் கனத்த கயிற்றில் ஒரு கண்ணி போட்டுத் தொங்கவிட்டாலும் கால் வைத்து ஏறலாம்.

தண்ணீரில் இருப்பவரைக் கீழ்ப்பக்கத்திலிருந்து, மூக்கு எதிரோட்டத்தைப் பார்த்தபடி நெருங்குங்கள். அப்போதுதான் படகு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். மேலிருந்து வந்தால் நீரோட்டம் உங்களை அவர் மேல் ஏற்றிவிடும். கை எட்டும் தூரம் வந்ததும் எஞ்சினை அணைக்க வேண்டும். நியூட்ரலில் விடுவது போதாது, ஒரு முழங்கை பட்டால் கியர் விழும்.

காலியான போட்டிப் படகைக் காப்பாற்ற யாரும் போகக் கூடாது. ஆட்களை எண்ணி முடித்த பிறகு படகைத் தேடலாம்.

---

கரைப்பலகை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், கீழே தடுப்பணை இருந்தாலுமா? அப்புறம், துடுப்புப் போடுபவர்கள் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமாக்கலாமா?

---

சுக்கான்பிடி

படகோடு இருப்பதுதான் விதி. கவிழ்ந்த படகு மிதக்கும். ஒரு தலையைவிட 17 மீட்டர் படகு தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும். கரை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும், நீந்தக் கிளம்பியவர்தான் காணாமல் போவார். எட்டில் என்றால் ஜோடி ஜோடியாக, படகின் குறுக்கே எதிரெதிரே கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பௌவிலிருந்து எண் சொல்ல வேண்டும்: பௌ, இரண்டு, மூன்று என்று காக்ஸ் வரை. ஓர் எண் வராவிட்டால் உடனே படகுக்கு அடியில் தேடுங்கள்.

விதிவிலக்கு இரண்டு. படகு தடுப்பணையை நோக்கியோ, சாய்ந்த மரத்தை நோக்கியோ போய்க்கொண்டிருக்கிறது, மீட்புப் படகு எட்டாது என்றால் எல்லோரும் ஒன்றாகக் கரைக்கு நீந்த வேண்டும், துடுப்பைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் மரக்கிளைகளின் ஊடே போகும், ஆள் போக முடியாது. கிளையில் அழுத்திப் பிடித்துவிடும். இந்த முடிவை காக்ஸ் மட்டுமே சொல்ல வேண்டும். காக்ஸ் இல்லாத படகில் பௌ.

---

துடுப்பலகு

ஜாக்கெட்: காக்ஸுக்குக் கட்டாயம், விவாதமே இல்லை. அவர் அசையாமல் தடித்த உடையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் படகின் மூக்கில் படுத்தபடி சுக்கான் பிடிக்கும் நால்வர் படகில், தண்ணீர் பட்டால் தானே ஊதும் ஜாக்கெட் கூடவே கூடாது. கவிழ்ந்ததும் அது அந்தக் குழிக்குள்ளேயே உப்பி ஆளை உள்ளேயே அடைத்துவிடும். அங்கே கையால் இழுத்து ஊதும் வகைதான். ஜாக்கெட் எல்லா உடைக்கும் மேலே இருக்க வேண்டும். கவட்டுப் பட்டை போடாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறும், ஆள் கீழே போவார். வாயுக் குப்பியைக் கழற்றி எடை போட்டு, மேலே பொறித்த எடையோடு ஒப்பிட்டு, மறுபடி கையால் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த குப்பி ஊதாது.

துடுப்புப் போடுபவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். நுரை ஜாக்கெட்டில் துடுப்பின் கைப்பிடி மாட்டும், மாட்டினாலே படகு கவிழும். அவர்களுக்குத் தேவை நீச்சல்: இலேசான உடையோடு 50 மீட்டர் நீந்தவும், இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் மிதந்து நிற்கவும் முடிய வேண்டும். அது முடியாதவரைப் படகில் ஏற்றக் கூடாது.

---

எறிகயிறு

புதியவர்கள் விஷயத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. இடுப்பில் கட்டி, கையால் இழுத்து ஊதும் வகை துடுப்பைத் தடுக்காது. குளத்தில் 50 மீட்டர் நீந்தியவர் குளிர்ந்த ஆற்றில் விழுந்ததும் அதே ஆள் இல்லை. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் முதல் நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது. அந்த நேரத்தில் தலை உள்ளே போனால் தண்ணீரைத்தான் இழுப்பார்.

---

துடுப்பலகு

குளிர்ந்த தண்ணீர், புதியவர் என்ற இரண்டும் சேர்ந்தால் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதை மாட்டிப் பழகியவருக்கு மட்டும். போட்டியன்று காலை முதல்முறையாக ஒன்றைக் கட்டிவிடாதீர்கள். ஊதிய பிறகு எப்படி ஏறுவது என்று தெரியாதவருக்கு அது இடைஞ்சல்.

---

ரிகர்பெட்டி

படகுப் பரிசோதனையைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால், படகுக்கு 4 நிமிடம் வைத்து 20 படகுக்கு 40 நிமிடம். படகு தாங்கியில் இருக்கும்போதே முடியுங்கள். துறையில் வைத்துப் பார்த்தால் வரிசை நின்றுவிடும்.

முதலில் குதிகால் கயிறு, அதாவது படகில் பொருத்திய ஷூவின் குதிகாலைக் கால்பலகையோடு கட்டும் கயிறு. ஷூவுக்குள் கையை விட்டு குதிகாலைத் தூக்குங்கள். 7 செ.மீ.க்கு மேல் எழக் கூடாது, 5 என்றால் இன்னும் நல்லது. கவிழ்ந்தவர் காலை இழுக்கும்போது ஷூ பலகையோடு நிற்க வேண்டும், கால் மட்டும் வெளியே வர வேண்டும். கயிறு நீளமாக இருந்தால் ஷூவும் காலோடு வரும், ஆள் தலைகீழாகத் தொங்குவார். இரண்டு காலுக்கும் தனித்தனிக் கயிறு. மேலே ஒட்டும் பட்டைகளை ஒரே இழுப்பில் திறக்க இரண்டு ஷூவையும் இணைத்த கயிறும் வேண்டும். பழைய ஷூலேஸில் கட்டியிருந்தால் இழுத்துப் பாருங்கள், பாதி அறுந்து வரும்.

மூக்கில் வெள்ளைப் பந்து: குறைந்தது 4 செ.மீ. விட்டம், உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். டேப் மட்டும் சுற்றியது விழும். எட்டின் மூக்கு ஒருவர் முதுகில் குத்துவதைத் தடுப்பது அந்தப் பந்து மட்டுமே. அடுத்து காற்று அறைகளின் மூடிகள்: எல்லாம் இருக்கிறதா, ரப்பர் வளையம் இருக்கிறதா. அறைகள் மூடியிருந்தால், தண்ணீர் நிறைந்தாலும் புதிய படகு ஆட்களோடு மிதக்கும்; இருக்கையின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு 5 செ.மீ.க்குள்தான் தாழும். வெயிலில் திறந்து வைத்த மூடியை மறந்தால் அதே படகு ஒரு பக்கமாக அமிழும். சுக்கான் கயிறு, ஃபின் (படகின் அடியில் உள்ள தகடு), ரிகர் (துடுப்பைத் தாங்கும் சட்டம்) நட்டுகள், கேட்டுகள் (துடுப்பை அதில் பூட்டும் கொண்டிகள்) எல்லாவற்றையும் பாருங்கள். கேட் திருகைக் குழுவே ஏறியதும் ஒவ்வொருவராகச் சொல்லிச் சரிபார்க்கட்டும்.

மேசையில் 10 மற்றும் 13 ஸ்பானர், 4 மி.மீ. கயிறு, இன்சுலேஷன் டேப், உபரிப் பந்து, உபரி மூடிகள் வையுங்கள். குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் முகம் சுளிப்பார்கள், அங்கேயே கட்டிக் கொடுத்தால் நன்றி சொல்வார்கள். சரியான படகுக்கு எண் பலகையில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத படகைத் துறையில் இருப்பவர் இறக்கவிடக் கூடாது.

---

ஈரத்துணி

மருத்துவப் பக்கம். போட்டியில் ஓட்டுவது 15 நிமிடம், காத்திருப்பது ஒரு மணி நேரம். பாதிப் பிரச்சினை காத்திருப்பில்தான் வரும். குளிர் நாளில் காக்ஸ்தான் முதலில் விறைப்பார், அவர் உழைக்கவில்லை. பேச்சு குழறுவது, கட்டளை தாமதமாவது அறிகுறி. தொடக்கத்தில் நிற்கும் அதிகாரி ஒவ்வொரு காக்ஸிடமும் படகு எண்ணைக் கேட்டு, பதில் வரும் விதத்தைக் கவனிக்கட்டும். வெயில் நாளில் அதே கேள்வி எல்லோருக்கும். வெப்பத்தாக்கில் குழப்பமாகப் பேசுகிறவரை முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் விசிறுவதும் படகிலேயே தொடங்கலாம்.

விறைத்தவரைப் படுத்தபடியே தூக்குங்கள். ஈர உடையை வெட்டி எடுங்கள், கைகால்களைத் தேய்க்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். தண்ணீர் குடித்து இருமியவர் சரியாகிவிட்டேன் என்றாலும் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மழைக்குப் பின் ஆறு கலங்கியிருந்தால் கையின் கொப்புளங்களை நீர்புகாத டேப்பால் மூடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக நுழையும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் ஆற்றில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லி அணித் தலைவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுங்கள்.

இடி: மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால், சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. எல்லோரும் பக்கத்துக் கரையில் ஏற வேண்டும், கடைசி இடிச் சத்தத்துக்கு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். ஆகவே 600, 700 மீட்டருக்கு ஒரு கரையேறும் இடம் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

---

நீரளவு

நிறுத்தும் சைகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கொடி காட்டினால் எல்லோரும் நிற்க வேண்டும் என்று எழுதினால், முடிவுக் கோட்டருகே இருப்பவர்களும் நின்று தடுப்பணை நோக்கி நழுவுவார்கள். விபத்துக்கு மேலே இருப்பவர்கள் மட்டும் நின்று, மூக்கைத் திருப்பி, கரையோரம் எதிரோட்டத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டு நிற்கட்டும். கீழே இருப்பவர்கள் ஓட்டி முடித்து ஆற்றைக் காலி செய்யட்டும். தொடக்கம் அந்த நொடியே நிற்க வேண்டும்.

இடம் சொல்வதற்கு இரு கரையிலும் 250 மீட்டருக்கு ஓர் எண் பலகை. கரையின் பெயர் எப்போதும் நீரோட்டத்தின் திசையைப் பார்த்து இடது, வலது. படகோட்டிகள் பின்னோக்கி இருப்பதால் இதை எல்லாக் கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். “பலகை 10, இடது கரை, நால்வர் படகு 27, ஐந்து பேர், நான்கு தலை தெரிகிறது” என்பது முழுச் செய்தி. ஒவ்வொரு பலகைக்கும் ஆம்புலன்ஸ் எந்தப் பாதையில் வரும், வழியில் உள்ள கேட்டின் சாவி யாரிடம் என்று ஒரு தாள். பாதுகாப்புக்குத் தனி அலைவரிசை. நேரக் கணக்கு பேசுபவர்கள் அதில் வரவே கூடாது.

போட்டியை நிறுத்தும் அதிகாரம் பாதுகாப்பு அதிகாரி ஒருவருக்கே. அவருக்குப் போட்டியில் அணியும் இருக்கக் கூடாது, பரிசளிப்பு வேலையும் இருக்கக் கூடாது.

---

கரைப்பலகை

எல்லாவற்றையும் வைத்து மாற்றியது: இரண்டு பிரிவு, எட்டுகள் முதலில், 15 விநாடி இடைவெளி. மரத்தை வெட்ட அனுமதி கேட்கிறோம். கிடைக்காவிட்டால் மிதவை வரிசை போட்டு இடது கரையின் 15 மீட்டரை அடைக்கிறோம். பாலத்தில் நடுக்கண் மட்டும், அதற்கு 200 மீட்டர் முன்பிலிருந்து முந்தத் தடை. மீட்புப் படகு ஐந்து. இன்னும் உறுத்துவது முடிவுக் கோடு.

---

எறிகயிறு

உறுத்தத்தான் வேண்டும். கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் துடுப்பின் மேல் குனிந்துவிடுவார்கள். பின்னால் 15 விநாடிக்கு ஒரு படகு வருகிறது. கூட்டம் சேரும், கூட்டமே கீழே நழுவும். 900 மீட்டர் என்பது 1 மீட்டர் ஓட்டத்தில் 15 நிமிடம், 1.5இல் 10 நிமிடம். திரும்ப இரண்டு நிமிடம் போகும். கோட்டை 400 மீட்டர் மேலே நகர்த்தி 3.6 கி.மீ. ஆக்குங்கள். கோட்டுக்கு அப்பால் 300 மீட்டர் நிற்காமல் ஓட்டச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒருவர். படகுத்துறைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மீட்புப் படகு. அதற்குக் கீழே கரைக்குக் கரை மிதவைக் கயிறு, நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்வாக, கீழ்முனை வலது கரையில். அதைப் பிடிப்பவரைத் தண்ணீரே கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

---

துடுப்பலகு

கணக்குத் தாளை மறந்துவிடாதீர்கள். துறையில் இறங்கிய எண், தொடக்கத்தில் கிளம்பிய எண், கோட்டைத் தாண்டிய எண், கரையேறிய எண் என்று நான்கு பத்தி. தொடக்கத்துக்கு ஏறும் வழியிலேயே விலகித் திரும்பும் படகுதான் எப்போதும் தொலையும். அதற்குத் தனி அடையாளம், விலகியவர்கள் துறையில் வந்து எண் பலகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காத எண்ணுக்குரிய அணித் தலைவரைக் கைபேசியில் பிடித்துக் கேட்கும் வரை, கடைசி மீட்புப் படகைத் தண்ணீரிலிருந்து எடுக்காதீர்கள்.